எட்டுக் கணு கொண்ட கொத்து

எனக்குப் பயம் வந்தால் பசிக்கும். மற்றவர்களுக்கு நாக்கு வறளுமாம், கை நடுங்குமாம். எனக்கு மெதுவடை தேவைப்படும். அதனால்தான் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு, துறைக்குக் கேட்ட நிதி வந்துவிட்டது, மார்ச் முடிவதற்குள் பொருளை வாங்கிக் கணக்கை முடிக்காவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று சொன்னதும், அவர் கையைக் குலுக்கிவிட்டு நேராக கேன்டீனுக்குப் போனேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் துறைத் தலைவன். நிதி கேட்டு விண்ணப்பம் போடுவது என் பழக்கம். கேட்ட நிதியைக் கொடுப்பது யாருடைய பழக்கமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் ‘கம்ப்யூட்டர் கிளஸ்டர் ஒன்று வேண்டும்’ என்று எழுதி வைத்திருந்தேன். எட்டுக் கணினிகளை ஒரே வலையில் கோத்து, ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துப் போடவைக்கும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். வந்தது கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனால் வந்துவிட்டது. இதற்கு முன்னால் என் பொறுப்பில் வாங்கிய மிகச் சிக்கலான இயந்திரம் எங்கள் வீட்டு மிக்சி. அதையும் என் மனைவி மறுநாள் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் மாற்றி வாங்கி வந்தாள்.

கிளஸ்டர் இல்லாமலே என் பிழைப்பு ஓடியிருக்கும். ஓடாதது என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு. கடலோரத்து ஊர்க்காரர். கணவர் துபாயில் இருந்தார். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு தினமும் நாகப்பட்டினம் பஸ்ஸில் வந்து போவார். கடல் உப்பு நிலத்தடி நீருக்குள் எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது, இனி எவ்வளவு ஏறும் என்பதுதான் அவருடைய கணக்கு. அவர்கள் வீட்டு போர் தண்ணீரில் டீ போட்டால் கரிக்கிறதே, ஏன் என்பதில் தொடங்கிய ஆய்வு. அதை ஒரு பழைய லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை ஓடி முடிக்க அரை வருஷம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போய், பேட்டரியும் கைவிட்டால், சில வாரங்கள் பின்னால் போய் மறுபடி ஆரம்பிக்கவேண்டும். பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்திருந்தது கடைசி நீட்டிப்பு. ஜூன் முடிவதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. அப்புறம் இத்தனை வருஷப் படிப்பும் வெறும் பஸ் பயணம்தான்.

“பயப்படாதீங்க சார், வாங்கிடலாம்” என்று சொன்னது அவர். பட்டம் போனால் போகப்போவது அவருக்கு. வடை தின்றுகொண்டிருந்தது நான்.

எதை வாங்குவது என்று முடிவு செய்ய ராப்பகலாக வீடியோ பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஆசை வேறு திசையில் போனது. விளையாட்டுப் பையன்கள் வாங்குகிற கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. கல்யாண மண்டபத்து சீரியல் செட் போலச் சிவப்பும் நீலமுமாக மின்னுகிறது. ஒன்றே பத்துக் கணினியின் வேலையைச் செய்யும் என்றார்கள். அதையே வாங்கிவிடலாமா என்று ஆய்வு மாணவியிடம் கேட்டேன். அவருடைய புரோகிராம் அதில் ஓடாதாம். ஓடுகிற மாதிரி மாற்றி எழுதலாம், ஆனால் அதற்கு இன்னொரு நீட்டிப்பு வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். நான் அதற்குமேல் விளக்குகளைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு அவரே தாளில் வரைந்து காட்டினார். டெல்டா நிலப்பரப்பை எட்டாக வெட்டி ஒவ்வொரு கணினிக்கும் ஒரு துண்டு கொடுக்கிறோம். ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் ஒவ்வொன்றும் தன் பக்கத்துத் துண்டுக்காரனிடம் ‘உன் எல்லையில் எவ்வளவு உப்பு?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். எட்டும் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் அடுத்த அடி வைக்காது.

“கல்யாண வேன் மாதிரி சார். ஏழு பேர் ஏறி உட்கார்ந்திருப்பாங்க. ஒரு அத்தை மட்டும் பூ வாங்கப் போயிருப்பாங்க. அவங்க வர்ற வரைக்கும் வேன் நிக்கும்.”

இதைவிடத் தெளிவாக எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. ஆக, எங்களுக்கு வேண்டியது வேகமான ஒன்றிரண்டும் சோம்பேறிகள் சிலதும் கலந்த கும்பல் இல்லை. பழசானாலும் ஒரே மாதிரி எட்டு. அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள எல்லா ஒயரும் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டி மட்டும் நல்லதாக. கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ். இதற்கே பணம் சரியாகப் போய்விடும். ஏசி கிடையாது, இரண்டு பெடஸ்டல் ஃபேன். மானிட்டர் எட்டுக்கும் சேர்த்து ஒன்று.

முதல்வருக்கு இந்த மானிட்டர் விஷயம் பிடிக்கவில்லை. திறப்பு விழாவுக்கு ஆள் கூப்பிடுவதாக இருந்தார். திரை இல்லாத எட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு வருகிறவருக்கு எதைக் காட்டுவது என்று கேட்டார். ஓடுகிற சத்தத்தைக் காட்டலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் அன்றைக்கு இரண்டாவது தடவையாக கேன்டீனுக்குப் போனேன்.

அடுத்தது விளம்பரம். மூன்று பேரிடமாவது விலைப்புள்ளி வாங்கி ஒப்பிடவேண்டும் என்பது விதி. விளம்பரம் தமிழில் இருக்கவேண்டும் என்பது எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாவின் கட்டளை. அவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம்கூட இல்லை. தணிக்கையில் ஓர் ஆட்சேபணை எழுந்தாலும் ஓய்வூதியம் தொங்கலில் நின்றுவிடும் என்ற பயம் அவருக்கு. எனக்குப் பயத்தில் பசிக்கும் என்றேனே, அவருக்குப் பயத்தில் விதி எண் ஞாபகத்துக்கு வரும். தமிழ்த்துறை நண்பர் மிக அழகாக மொழிபெயர்த்துக் கொடுத்தார். கிளஸ்டருக்குக் ‘கொத்து’. அதில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ‘கணு’. மேலே ‘கணினி விலைப்புள்ளி’ என்று ஒரு தலைப்பு.

அந்தத் தலைப்பில்தான் என் புத்தி வேலை செய்தது. விளம்பரக் கட்டணத்தையும் இதே நிதியிலிருந்துதான் கொடுக்கவேண்டும். வரிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். தலைப்பை வெட்டினால் ஒரு வரி மிச்சம். அந்த மிச்சத்தில் கூடுதலாக ஒரு மெமரி வாங்கலாமே என்று கணக்குப் போட்டேன். வெட்டினேன். கையெழுத்தும் போட்டேன். இரண்டு நாள் கழித்து உள்ளூர்ப் பதிப்பில் இப்படி வந்தது: ‘இயற்பியல் துறையில் எட்டுக் கணு கொண்ட கொத்து அமைக்க விலைப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன.’ கீழே என் தொலைபேசி எண்.

அன்று மத்தியானமே ஒருவர் கூப்பிட்டார். பின்னால் லாரி ஹாரன் சத்தம்.

“சார், எட்டும் ஒரே மாதிரி வேணுங்களா, கலந்து இருக்கலாமா?”

எனக்குப் புல்லரித்தது. கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதானே. ஒரே மாதிரிதான் வேண்டும், அதுதான் முக்கியம் என்றேன்.

“பழைய சரக்கு பரவாயில்லைங்களா?”

“பரவாயில்லைங்க. சூடு தாங்கணும், அவ்வளவுதான்.”

“வெயில்ல போட்டுக் காயவச்சது சார். எதையும் தாங்கும்.”

கணினிகளை விற்பதற்கு முன்னால் மணிக்கணக்கில் சூடேற்றிச் சோதிப்பார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதைத்தான் மனிதர் தம் பாணியில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உயரம் கேட்டார். அடுக்கில் நிறுத்தப்போகிறோம், ஆறடிக்குள் இருந்தால் நல்லது என்றேன். பிறகு நானும் விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள, கோர் எத்தனை இருக்கும் என்று கேட்டேன். ஒரு கணினிக்குள் கணக்குப் போடுகிற மூளைகளுக்குக் கோர் என்று பெயர். அந்த நேரம் பார்த்து மறுபடி ஹாரன்.

“கோரை வேணும்னா அது தனி சார். சொன்னீங்கன்னா சேர்த்தே இறக்கிடுவோம்.”

எல்லாம் தனித்தனிக் கோர் என்று சொல்கிறார், ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிடாது என்று நான் பொருள் கொண்டேன். ஆய்வு மாணவியிடம் போய், நம் ஊர்ப் பக்கத்தில் இவ்வளவு விவரமான ஆள் இருக்கிறார் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வியந்தேன். அவரும் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், துறைத் தலைவர் சொல்கிறார்.

கடைசித் தேதியில் மூன்று உறைகள் வந்திருந்தன. கண்காணிப்பாளர் அம்மா எங்கள் இருவர் முன்னிலையில் ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதலாவது தஞ்சாவூர்க் கம்ப்யூட்டர் கடை. ஒரே ஒரு புத்தம்புது சர்வர், எங்கள் நிதியைத் தாண்டிய விலை. இரண்டாவது நன்னிலத்திலிருந்து ஒரு மேஸ்திரி. கொத்து வேலை, பூச்சு வேலை, சதுர அடிக்கு இவ்வளவு, சிமெண்டும் மணலும் கல்லூரிப் பொறுப்பு. மூன்றாவது திருக்காட்டுப்பள்ளியிலிருந்து. சாரம் கட்ட எட்டுக் கணு மூங்கில், ஒரே அளவு, நன்றாகக் காய்ந்தது, ஒரு கொத்து. பாய்க்குக் கோரை தேவைப்பட்டால் தனி விலை.

ஆய்வு மாணவி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நானும் அழத் தயாரானேன். பார்த்தால், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்.

கண்காணிப்பாளர் அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் வரிசையாக அடுக்கினார்.

“மூணு வேணும்னு விதி. மூணு இருக்கு சார்.”

“மேடம், ஒருத்தர் மூங்கில் விக்கிறவர்.”

“குறைஞ்ச விலை அவரோடதுதான். அவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தா, ஏன்னு ஆடிட்ல கேப்பான்.”

அவர் விளையாடவில்லை. முப்பது வருஷம் அலுவலகத்தில் இருந்தவர். குறைந்த விலைக்காரரைக் காரணமில்லாமல் ஒதுக்கி மாட்டிக்கொண்டவர்களை அவருக்குத் தெரியும். தொழில்நுட்பக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், தள்ளிவிடுகிறேன் என்றார். நான் உட்கார்ந்து எழுதினேன். ‘மூன்றாம் விலைப்புள்ளி: கோரப்பட்ட கணக்கீட்டுத் திறன் மூங்கிலில் இல்லை. இரண்டாம் விலைப்புள்ளி: கோரப்பட்டது கொத்து, கொத்து வேலை அல்ல.’ என் பெயரில் ஆய்வுக் கட்டுரைகள் சில வந்திருக்கின்றன. இவ்வளவு மறுக்கமுடியாத வாக்கியங்களை அவற்றில் நான் எழுதியதில்லை.

தள்ளியபின் மிஞ்சியது ஒரே உறை. ஒன்றை வைத்து ஒப்பிட முடியாது. மறு விளம்பரம் கொடுக்கவேண்டும். மார்ச் பாதி போய்விட்டிருந்தது. மாணவி தன் கைபேசியில் காலண்டரைத் திறந்து விரல்விட்டு எண்ணினார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. நான் வெட்டிய ஒரு வரி அவருடைய எத்தனை வாரத்தைத் தின்றுவிட்டது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அன்று எனக்குப் பசிக்கவே இல்லை. அப்போதுதான் நிஜமாகவே பயந்துபோனேன்.

இரண்டாவது விளம்பரத்தை மூவரும் உட்கார்ந்து எழுதினோம். ‘கணினி’ என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. வரிக்கு என்ன கட்டணமானாலும் ஆகட்டும் என்றேன். எட்டையும் வலையில் கோத்து, நாங்கள் கொடுக்கும் புரோகிராமை ஓட்டிக் காட்டவேண்டும், குறித்த நேரத்துக்குள் முடிக்காதவர் தகுதியற்றவர் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தோம். அது மாணவியின் யோசனை. கண்காணிப்பாளர் அம்மா அதை இரண்டு தடவை படித்தார். காரணம் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதால் நல்லது என்றார்.

இந்தத் தடவை வந்தவர்கள் எல்லாம் கணினி விற்பவர்கள். விலை குறைவாகப் போட்டிருந்தவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர். ஓட்டிப் பார்க்க மூவரும் ஆட்டோவில் போனோம். கண்காணிப்பாளர் அம்மாவும் வந்தே தீருவேன் என்றார். கையெழுத்துப் போடுகிறவர் கண்ணால் பார்க்கவேண்டுமாம். வழியில் மாணவி அவருக்கும் கல்யாண வேன் கதையைச் சொன்னார்.

கடையில் எட்டுப் பெட்டிகள் தரையில் உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஜாடை. ஒன்று வங்கியில் இருந்தது, ஒன்று பள்ளிக்கூடத்தில் இருந்தது, ஒன்று எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. மாணவி பென் டிரைவைச் செருகித் தன் கணக்கில் ஒரு சிறு துண்டை ஓடவிட்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கண்காணிப்பாளர் அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறித்த நேரம் தாண்டியது.

“எது அந்த அத்தை?” என்று கேட்டார்.

மாணவி மூலையில் இருந்த தூசி படிந்த பெட்டியைக் காட்டினார்.

“அதை இறக்கிட்டு ஓட்டிப் பாரேன்மா.”

ஒயரைப் பிடுங்கிவிட்டு ஏழாக ஓட்டியதில், எட்டாக ஓடியதைவிடச் சீக்கிரம் முடிந்தது. கடைக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு பெட்டியைக் குறைத்தால் வேகம் கூடும் என்றால் இத்தனை நாள் வியாபாரத்துக்கு அர்த்தம் என்ன என்று யோசிக்கிறவர் போல நின்றார். கண்காணிப்பாளர் அம்மா எழுந்து, எட்டு கேட்டோம், எட்டு முடிக்கவில்லை, தகுதியற்றது, எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றார்.

அடுத்த குறைந்த விலைக்காரரிடம் சென்னையில் மூடிப்போன ஓர் அலுவலகத்தின் பழைய கணினிகள் இருந்தன. ஒரே வருஷத்தில் வாங்கிய, ஒரே மாதிரி, அழகில்லாத எட்டுக் கறுப்புப் பெட்டிகள். சோதனையில் பாதி நேரத்தில் முடித்துவிட்டன. ஸ்விட்ச், யூபிஎஸ், ஃபேன் எல்லாம் சேர்ந்து நிதிக்குள் அடங்கியது. நிதியாண்டு முடிவதற்குள் ரசீது வந்தது. கண்காணிப்பாளர் அம்மா அதில் முத்திரை குத்திய சத்தம் மாடிவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

ஏப்ரலில் கணக்கை முழுசாக ஓடவிட்டோம். வெயில் ஆரம்பித்திருந்தது. இரண்டு ஃபேனும் எட்டுப் பெட்டியும் சேர்ந்து ரைஸ் மில் போலச் சத்தம் போட்டன. அந்த அறையின் பிளக் பாயிண்டுகளுக்கு நான் காவல் இருந்தேன். வேதியியல் துறைப் பேராசிரியர் ஒருவர் போன் சார்ஜ் போட வந்தார். அவரோடு எனக்கு இருபது வருஷ நட்பு. அன்றைக்கு அதை மறந்து பேசிவிட்டேன். வீட்டுக்குப் போனாலும் மேலே கறுத்த மேகம் தெரிந்தால் யூபிஎஸ் நினைப்பில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். மனைவி பார்த்துவிட்டு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோதுகூட இப்படி நடக்கவில்லையே, அப்போது உட்கார்ந்து பஜ்ஜி அல்லவா தின்றுகொண்டிருந்தீர்கள் என்றாள்.

ஒரு வாரத்துக்குள் முடிந்தது. மாணவி ஒரே மானிட்டரின் முன்னால் உட்கார்ந்து வரைபடத்தைத் திறந்தார். பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தார்.

“தப்பா இருக்கு சார்.”

“எவ்வளவு தப்பு?”

“இதும்படி பார்த்தா நாம இப்ப கடலுக்குள்ள உட்கார்ந்திருக்கோம்.”

உப்பு தஞ்சாவூரைத் தாண்டி மேற்கே போய்விட்டதாகத் திரை சொன்னது. நான் நாற்காலியைத் தேடினேன். பழைய பெட்டி வாங்கியது தப்பு, ஸ்விட்சில் கோளாறு, நான் தலைப்பை வெட்டிய பாவம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் ஒன்றையும் காதில் வாங்காமல் தன் தரவுகளைத் தேடிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். போர் போடுகிறவர்கள் ஆழத்தை அடியில்தான் சொல்வார்கள். எல்லா ஊர்க் கிணறுகளையும் மீட்டருக்கு மாற்றியவர், ஒரு கடலோர வட்டாரத்தை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார். முந்நூறு அடிக் கிணறெல்லாம் முந்நூறு மீட்டராகி, கடல் அந்த வழியாக உள்ளே வந்துவிட்டது.

“இதே தப்பு லேப்டாப்புலயும் இருந்திருக்கு சார். அங்க இது தெரியறதுக்குள்ள ஜூன் போயிருக்கும்” என்றார். சொல்லிவிட்டுத் திருத்தினார், மறுபடி ஓடவிட்டார், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் உப்பு அவருடைய ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. கிணறுகளில் அளந்த அளவோடு ஒத்துப்போனது. மூன்றாவது ஓட்டம் சரிபார்ப்பதற்கு. பிறகு எழுதினார், எழுதினார், பஸ்ஸில்கூட எழுதினார். ஜூன் மாதக் கடைசி வாரம் பிறக்கும் முன்னால் பல்கலைக்கழக கவுண்டரில் ஆய்வேட்டின் பிரதிகளை வைத்தோம். உள்ளே இருந்தவர் எண்ணிப் பார்த்து, முத்திரை குத்தி, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். நான் இன்னும் ஏதாவது கேட்பார்களோ என்று அங்கேயே நின்றேன். மாணவி என் சட்டைக் கையை லேசாக இழுத்து, வாங்க சார் போகலாம் என்றார்.

புது பஸ் ஸ்டாண்டில் அவரை நாகப்பட்டினம் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். சந்தோஷமா என்று கேட்டேன்.

“தூங்கணும் சார்” என்றார்.

வண்டி கிளம்பவே இல்லை, அதற்குள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது. எனக்கு உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. இப்படித் தூங்கினால் ஊரைத் தவறவிட்டு எங்கேயோ போய் இறங்குவாரே. வண்டிக்குள் ஏறி, கண்டக்டரிடம் அவர் இறங்கவேண்டிய ஊரைச் சொன்னேன். தலையாட்டினார். அவர் காதில் சரியாக விழுந்திருக்குமோ என்று மறுபடி சொன்னேன். டிரைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாமே என்று முன்பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.

“சார், இவங்க வருஷக்கணக்கா நம்ம வண்டியிலதான் வர்றாங்க. தூங்கட்டும் விடுங்க” என்றார் கண்டக்டர். “நீங்க இறங்குங்க, வண்டி எடுக்கணும்.”